பலூச்சியும் பிராகூயும்

பலூச்சிஸ்தானத்தில் வழங்கும் பிராகூய் திராவிட மொழி என்பதைத் தமிழறிஞர் யாவரும் அறிவர். அதன் அயலிலுள்ள பலூச்சியையோ நாம் பெரிதும் கருதுவதில்லை. பலூச்சி ஈரானிய இனத்தின் வடமேற்குக் கிளையைச் சார்ந்தது. பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் பேசப்படுவது.

இவ்விரு மொழியினரும் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கின்றனர். காஞ்சிபுரத்து நெசவாளருள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமிழையும் வழங்குதல் போலப் பிராகூயர் பலரும் பலூச்சியையும் பேசுவர். இக்கலப்பின் சுவட்டை எண்ணுப்பெயர்களிற் காணலாம். 'அசிட்', 'இரட்', 'முசிட்' என்னும் முதல் மூன்றும் திராவிடம். நான்கு முதலாக வரும் 'சார்', 'பஞ்ச்' முதலியன ஈரானியக் கடன். எனினும் கண்ணை 'ஃகன்' என்றும், கல்லை 'ஃகல்' என்றும், நீரைத் 'தீர்' என்றும் வழங்குதலால் அடிப்படைச் சொற்கள் பல நிலைபெற்றமை புலனாகும்.

இனி, பிராகூயர் அந்நிலத்துத் தொல்குடியினரா, பின்னர்க் குடியேறியவரா என்பது வினா. பிராகூயிலுள்ள ஈரானியச் சொற்களுட் பெரும்பகுதி பலூச்சி வழி வந்தது. அவெஸ்தா போன்ற பழைய ஈரானியத்தின் சொற்கள் அதிற் காணப்படவில்லை. பலூச்சியர் மேற்கிலிருந்து அங்கு வந்தது ஏறத்தாழக் கி.பி. 1000 அளவில் எனக் கருதப்படுகிறது. ஆகவே பிராகூயரும் பழங்காலத்தே அங்கு இருந்திலர் என எல்ஃபென்பைன் போன்றோர் கொள்வர். தொன்றுதொட்டு அங்கிருந்த குடியே என்பாரும் உளர், வழக்கு முடிந்திலது. எனவே பிராகூயைச் சிந்துவெளிக்குச் சான்றாகக் காட்டுமுன் பலூச்சிச் சொல்வளத்தையும் ஆராய்தல் நம் கடன்.