‘நார்மல்’ என்று அனுப்பிய பிறகு

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அக்டோபர்தான் கடைசியா என்று கேட்டு நிறைய கடிதங்கள். இல்லை, அது விழிப்புணர்வு மாதம், அவ்வளவுதான். நவம்பரிலும் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும். சில கடிதங்களில்தான் விஷயம் இருக்கிறது: ‘போன வருடம் நார்மல் என்றார்கள், இப்போது புற்றுநோய் என்கிறார்கள். பரிசோதனையே பொய்யா?’

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியில்தான் ஒரு திட்டத்தின் சாயம் வெளுக்கும். இத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்ற அரசு அறிவிப்பு உழைப்பின் கணக்கு, பலனின் கணக்கல்ல.

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. நார்மல் என்று அனுப்பப்பட்டவருக்கு அடுத்த அழைப்புக்குள் நோய் வந்தால் அது ‘இடைக்காலப் புற்றுநோய்’. புற்றுநோய்ப் பதிவேடு வழியாக அந்தத் தகவல் பரிசோதனை மையத்துக்கே திரும்பி வரும். பழைய படத்தை எடுத்து மறுபடி பார்ப்பார்கள். அன்று ஒன்றுமே இல்லையா, லேசான சந்தேகம் இருந்ததா, கண்ணுக்குத் தெரிந்தும் விட்டுவிட்டார்களா? பெரும்பாலும் முதல் வகைதான்.

சரி, இடைக்காலப் புற்றுநோய்களின் எண்ணிக்கை குறைந்தால் பாராட்டலாமா? அவசரப்பட வேண்டாம். பரிசோதனை நன்றாக நடந்தாலும் குறையும். யாரும் தேடாவிட்டாலும் குறையும். பரிசோதனைப் பட்டியலைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்காத திட்டத்தில் இடைக்காலப் புற்றுநோய் பூஜ்யம். ஏட்டளவில் உலகிலேயே சிறந்த திட்டம் அதுதான்!

நம் நாட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை. படம் எடுப்பதில்லை என்பதால் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பெயர்களையாவது ஒத்துப் பார்க்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1981 முதல் சென்னைக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. லட்சக்கணக்கு சொல்லும் அதிகாரிகளிடம், ‘நார்மல் என்று அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

இடையில் கட்டி தட்டுப்பட்டால்? உடனே டாக்டரிடம் போங்கள். அடுத்த முகாம்வரை பொறுக்க வேண்டாம்.

மறுபடி வரச் சொன்னால் புற்றுநோய்தானா? இங்கிலாந்தில் 100 பேரில் சுமார் 4 பேரை அழைக்கிறார்கள், ஒருவருக்குத்தான் உறுதியாகிறது.

கைப் பரிசோதனை வீணா? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய 20 ஆண்டு ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30% குறைந்தது. அதற்குக் கீழ் வயதில் அந்தப் பலன் தெரியவில்லை.

மேமோகிராமால் கெடுதல் உண்டா? உண்டு: ஓர் உயிர் பிழைத்தால், உயிரோடிருக்கும்வரை தொல்லையே தந்திருக்காத புற்றுநோய்க்கு மூன்று பேர் சிகிச்சை பெறுகிறார்கள் என்றது 2012-ல் பிரிட்டனின் சுயேச்சைக் குழு.