கள்ளச்சாவி

ஒரு பூட்டுக்கு உரிய சாவி ஒன்று இருக்கும். ஆனால், அதே அச்சில் செய்யப்பட்ட கள்ளச்சாவியாலும் அந்தப் பூட்டைத் திறந்துவிடலாம். கஞ்சாவில் உள்ள ஒரு வேதிப்பொருள் மனித மூளையில் இதைத்தான் செய்கிறது.

அப்பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால். சுருக்கமாக டிஎச்சி என்பர். கஞ்சாவின் போதைக்கு முக்கியக் காரணம் இதுவே. 1964ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலம், யெகியேல் கவோனி ஆகிய அறிவியலாளர்கள் இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, இதன் வேதியியல் அமைப்பை விளக்கினர்.

ஒரு செடியில் உள்ள பொருள் மூளையை எப்படிப் பாதிக்கிறது? 1988ஆம் ஆண்டில் இதற்கு விடை கிடைத்தது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் டிஎச்சி பொருந்தக்கூடிய 'ஏற்பிகள்' இருப்பது கண்டறியப்பட்டது. இவையே மூளையின் பூட்டுகள். அப்படியென்றால், இவற்றுக்குரிய உண்மையான சாவி எங்கே? 1992ஆம் ஆண்டில் மெக்கூலத்தின் குழுவினர் அதனை மூளையிலேயே கண்டுபிடித்தனர். ஆனந்தம் என்னும் பொருள்படும் வடமொழிச் சொல்லைக்கொண்டு, அதற்கு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர்.

ஆனந்தமைடு தேவையான இடத்தில் சிறிதளவே உருவாகி, விரைவில் சிதைந்துவிடும். டிஎச்சி அப்படியன்று. அது மூளை முழுவதும் பரவி, நீண்ட நேரம் செயல்படுகிறது. அதனால், சற்றுமுன் கேட்டதுகூட மறந்துபோகிறது, உடல் தடுமாறுகிறது, நேரம் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுகிறது. சிலரைக் காரணமற்ற அச்சமும் பற்றிக்கொள்கிறது. டிஎச்சி கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவதால், போதை தெளிந்து பல நாள்கள் கழித்தும் சிறுநீர்ப் பரிசோதனையில் அதன் தடயம் தெரியக்கூடும்.

இளையர்களுக்கு இதனால் ஏற்படும் ஆபத்து மிகுதி. மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ச்சி அடைகிறது. சிந்தித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதியே கடைசியாக முதிர்ச்சி பெறுகிறது. கட்டி முடிக்கப்படாத வீட்டில் கள்ளச்சாவியுடன் ஒருவன் அடிக்கடி நுழைந்தால் என்ன ஆகும்? இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா உட்கொள்வோரிடம் கவனக்குறைவு, கற்றலில் பின்னடைவு, மனநலப் பாதிப்பு ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

“இது வெறும் இலைதானே!” என்று நண்பர் ஒருவர் கூறலாம். கஞ்சா மிட்டாயாகவோ மின்சிகரெட் திரவமாகவோ நீட்டப்படலாம். வடிவம் எதுவாயினும் உள்ளே இருப்பது அதே டிஎச்சிதான். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் அதனை உட்கொண்டாலும் சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றமே. சட்டத்துக்கு அஞ்சி மறுப்பதைவிட, அது தன் மூளையை என்ன செய்யும் என்பதை அறிந்து மறுப்பவரின் உறுதி எளிதில் தளராது.