பூச்சாடியில் துக்க நுளம்பு

கடந்த மார்கழி மாத இறுதியில், ஜேர்மனியின் ரூர் பிரதேசத்து நகரொன்றில், புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பமொன்றைக் காணச் சென்றிருந்தோம். ஒரே அறை. யன்னலோரத்தில் ஒரு பூச்சாடி. அதனுள் பெரிய வெங்காயத்தை ஒத்த குமிழொன்று பாதி வெளியே தெரிய நின்றது. கீழ்மாடியில் தனித்து வாழும் ஜேர்மனிய மூதாட்டி கொடுத்த நத்தார்ப் பரிசு அது. அக்கட்டடத்தில் அக்குடும்பத்திற்குக் கிடைத்த முதற் பரிசும் அதுவே.

ஆனால், சாடியைச் சுற்றிச் சின்னஞ்சிறு கரிய பூச்சிகள் மொய்த்தன. கணவர் பூச்சிகொல்லி விசிறியைக் கையில் எடுத்துவிட்டார். அதே அறையில் எட்டு மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மனைவியோ, "சேர், இதை எறிஞ்சுபோட்டு அந்த அம்மாவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்று கலங்கினார். விசிறியை முதலில் அப்பால் வைக்கச் சொன்னோம்.

அமரிலிஸ் என்ற பெயரில் விற்கப்படும் இச்செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூச்சியை ஜேர்மனியர் 'ட்ரௌவர்மூக்கன்' என்பர். துக்க நுளம்பு என்பது பொருள். கரிய நிறத்தால் வந்த பெயர். இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் நீளமுடைய இவை கடிப்பதில்லை. மனிதருக்கு நோயைப் பரப்புவதுமில்லை. பறக்கும் பூச்சியின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குள் ஈர மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. கருந்தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட புழுக்கள் மேல்மண்ணிலுள்ள பூஞ்சணத்தையும் அழுகற் பொருள்களையும் தின்னும். பெருகிவிட்டால் இளவேர்களையும் அரிக்கும். வெப்பமூட்டிய அறையில் முட்டை பூச்சியாக மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். ஆகவே, பறப்பவற்றை மட்டும் கொல்வதாற் பயனில்லை.

காரணம் எதுவென வினவினோம். காலையும் மாலையும் தவறாது நீர் ஊற்றியதாக அப்பெண்மணி கூறினார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கிணற்றுநீர் இறைத்துப் பழகிய கை அது. அங்கே மண் உறிஞ்சும், வெயில் உலர்த்தும். இங்கே பனிக்காலத்துக் குறுகிய பகலில், இலை விடாத குமிழுக்கு மிகச் சிறிதளவு நீரே போதும். மேலும், அழகுக்காக வைத்த வெளிச்சாடியில் துவாரம் இல்லை. அடியில் நீர் தேங்கி நின்றது.

செய்யவேண்டியவை இவை. தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் ஆழத்திற்கு உலரும்வரை நீர் விடாதீர்கள். விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். பின்னர் அடித்தட்டில் நீர் வைத்து, அரைமணி நேரத்தில் மிகுதியை அகற்றுங்கள். குமிழின் உச்சியில் ஊற்றவே வேண்டாம். மண்மீது ஒரு சென்ரிமீற்றர் உலர்மணல் பரப்பினால் முட்டையிடுவது கடினமாகும். பசை பூசிய மஞ்சள் அட்டை பறப்பவற்றைப் பிடிக்கும். உருளைக்கிழங்குத் துண்டொன்றை மண்மேல் வைத்து, இரண்டு மூன்று நாளில் புரட்டிப் பாருங்கள். புழுக்கள் ஒட்டியிருந்தால் துண்டோடு அகற்றலாம்.

இவற்றால் அடங்காவிடின், 'ஸ்டைனர்நேமா ஃபெல்டியே' என்னும் நுண்புழுக்களை நீரிற் கலந்து மண்ணுக்கு விடலாம். அவை பூச்சியின் புழுக்களை அழிக்கும். மனிதருக்குத் தீங்கு செய்யா. எம்முறையாயினும் நான்கு வாரமேனும் தொடர்தல் வேண்டும்.

குமிழையும் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் பிழைக்கும். முற்றாக மென்மையாகி நாற்றமடித்தால் அழுகிவிட்டது, அகற்றுவதே வழி. இன்னொன்று: வெங்காயம் போலத் தோன்றினும் இக்குமிழ் நச்சுடையது. சமையலறையிலும் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலும் வைத்தலாகாது.

தை மாத இறுதியில் அப்பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். மஞ்சள் அட்டையில் அவ்வாரம் இரண்டே பூச்சிகள். தண்டு உயர்ந்து, நான்கு செம்மொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டனவாம். கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. ஞாயிறன்று தேநீருக்கு வருமாறு கீழ்மாடி மூதாட்டியை அழைத்திருப்பதாகச் சொன்னார்.