மின்சாரம் போனால் விமான இன்ஜின் நின்றுவிடுமா?

பழைய ஸ்கூட்டரில் பேட்டரி செத்தாலும் உதைத்தால் கிளம்பிவிடும். பழைய பாணி விமான இன்ஜினும் அப்படித்தான். அதிலுள்ள இரண்டு மேக்னெட்டோக்கள், இன்ஜின் சுழலும்போதே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கிவிடும். பேட்டரியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

அமெரிக்காவில் சொந்தக் கொட்டகையில் விமானம் கட்டுபவர்களில் சிலர் கார் இன்ஜினை மாற்றியமைத்துப் பொருத்துகிறார்கள். அதில் தீப்பொறி, எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. நடுவானில் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால்? மிச்சமிருப்பது பேட்டரி மட்டும்.

அது எவ்வளவு நேரம் தாங்கும்? 17 ஆம்பியர்-மணி பேட்டரி, 10 ஆம்பியர் செலவு. வகுத்தால் 1 மணி 42 நிமிடம். இந்தக் கணக்கை நம்பிப் பறக்கக் கூடாது! ஈய-அமில பேட்டரியின் மேல் அச்சிட்ட எண், பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் குறையும்; குளிரிலும் முதுமையிலும் இன்னும் குறையும்.

ஆகவே இரண்டு பேட்டரி வைப்பதே உசிதம். ஒன்று பழுதானால் மற்றதன் மின்சாரத்தையும் உறிஞ்சிவிடாதபடி நடுவே டயோடு காவல் நிற்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவுதான். ஆனால் தீரும்வரை வோல்ட் ஏறக்குறைய மாறாமல் நின்று, கடைசியில் சட்டென்று சரியும்.

ஆல்டர்னேட்டர் ஓடும்போது மீட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 13-க்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால், பக்கத்து ஓடுதளத்தில் இறங்கிவிடுங்கள்.