ஏறி இறங்கும் காற்று, எரிந்து தீரும் விறகு

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். பெட்டியில் அடைக்கும் தேயிலையிலோ நூற்றுக்கு மூன்று பங்குதான். அந்தத் தண்ணீரை விரட்டும் சூட்டை இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தேயிலை பெக்டரிகளில் பெரும்பாலும் விறகுதான் கொடுக்கிறது. புகை தேயிலையைத் தொடக்கூடாது. அதனால் கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்குப் போகும் காற்று, அடுப்பின் சூடேறிய குழாய்களை உரசிப்போய் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

இந்த வெப்பக் கடத்தலுக்கான கைப்புத்தகக் கணக்குகள் ஓட்டம் சீரானது என்று வைத்தே தொடங்கும். அடுப்பு அப்படி நடப்பதில்லை. கதவைத் திறந்து கட்டை போடும்போதெல்லாம் குளிர்காற்று புகுந்து, புகைப் பாதையின் ஓட்டம் ஏறி இறங்கும். உராய்வு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். வெப்பம் கடத்தும் திறனோ வேகத்தின் 0.8 அடுக்காகத்தான் கூடும். ஆகவே சராசரி வேகம் மாறாமலே ஓட்டம் பாதியளவு ஏறி இறங்கினால், உராய்வு எட்டில் ஒரு பங்கு அதிகமாகும். வெப்பக் கடத்தல் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். இரண்டு பக்கமும் நட்டம்!

இது மெதுவான துடிப்பின் கணக்கு. வேகமாகத் துடித்தால் கதை வேறு. குழாயில் காற்று வேகமாக முன்னும் பின்னும் அசையும்போது உச்ச வேகம் நடுவில் இல்லாமல் சுவரோரம் வருவதை ஆய்வாளர்கள் ரிச்சர்ட்சனும் டைலரும் 1929இல் காட்டினார்கள். சுவரோரம் கலக்கினால் வெப்பம் கூடுதலாக வராதா? வரும் என்கின்றன சில ஆய்வுகள், குறையும் என்கின்றன வேறு சில. அதிர்வெண்ணும் வீச்சும் மாற விடையும் மாறுகிறது. நம் அடுப்பின் துடிப்போ நிமிடக்கணக்கில். அந்தச் சலுகை நமக்கில்லை.

பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் மூக்கை மிஞ்சிய கருவி இல்லை என்பார்கள் பழைய ஆட்கள். இருக்கட்டும், மூக்கு விறகை எண்ணாது.

என் கவலை அந்த விறகுதான். தோட்டத்துச் சரிவில் யூகலிப்டஸை வெட்டுவது ஒரு நாள் வேலை. மறுபடி வளர வருடங்கள் வேண்டும். அதற்குள் மழை மண்ணைக் கொண்டுபோய்விடும். தலவாக்கலையில் தேயிலைக்கென்றே 1925இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே ஓர் அடுப்பைக் கணினியில் கட்டி ஓட்டிப்பார்க்க மரம் எதையும் வெட்ட வேண்டாம்.

அந்தக் கணினி அடுப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளிது: எட்டுக் கட்டையை ஒரே தடவையில் போடுவதா, இரண்டிரண்டாக நான்கு தடவையா? அடிக்கடி போட்டால் நெருப்பு சீராகும், கதவும் அடிக்கடி திறக்கும். கட்டை போடுபவரும் ஒரு தடவைக்குப் பதில் நான்கு தடவை அனலின் முன் நிற்க வேண்டும். அவருடைய கூலியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.