கேட்காமல் விட்ட கேள்வி
(தொடர் – 14)

சென்ற வாரம் 1999-இல் செவ்வாய்க் கோளை நெருங்கித் தொலைந்துபோன நாசா விண்கலத்தைப் பற்றிப் பார்த்தோம். எந்த அலகில் கணக்கிட வேண்டும் என்பது அங்கே எழுத்தில் இருந்தது, எழுதியபடி செய்யாததால் விண்கலம் போனது. இந்த வாரம் அதைவிடச் சிக்கலான விபத்து ஒன்று. இங்கே எழுதியதெல்லாம் எழுதியபடியே நடந்தது. எழுத வேண்டிய ஒன்றைத்தான் எழுதவில்லை.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் வடகரையில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. உள்ளே ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் 'கிளஸ்டர்' ஆய்வுக்கான நான்கு செயற்கைக்கோள்கள். சுமார் 37 விநாடி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் சட்டென்று பாதையை விட்டுத் திரும்பியது. காற்றின் அழுத்தம் தாங்காமல் உடைந்தது. தன்னழிப்பு ஏற்பாடு இயங்கி வெடித்துச் சிதறியது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஜூலை 19-ஆம் தேதியே அறிக்கை வந்துவிட்டது. மென்பொருள் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த அறிக்கையை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

ராக்கெட் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணித்துச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. ஏரியான் 4-இல் நன்றாக உழைத்த அந்தக் கருவியின் மென்பொருளையே ஏரியான் 5-க்கும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஒரு கணக்கு. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். மிகை, குறை இரண்டையும் குறிக்கும் அந்த 16 பிட் எண்ணில் அடங்கக்கூடிய பெரிய மதிப்பு 32,767. ஏரியான் 4-இன் பாதையில் அந்த எண் அந்த அளவுக்கு வளராது. ஏரியான் 5-இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். எண் எல்லையைத் தாண்டியது, கருவி கைவிரித்தது. மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு கருவியிலும் இதே மென்பொருள்தான், அது ஒரு கண நேரம் முன்பே விழுந்துவிட்டது. விழுந்த கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறப்புத் தரவு என்று நினைத்துக்கொண்ட முதன்மைக் கணினி, இல்லாத விலகலைச் சரிசெய்ய ராக்கெட்டையே திருப்பியது.

இதில் என் மனதை அறுப்பது வேறொன்று. அந்தக் கணக்கு புறப்பாட்டுக்கு முன்புதான் தேவை. ராக்கெட் கிளம்பியபின் அதனால் எந்தப் பயனும் இல்லை. கிளம்பியபின்னும் அது 40 விநாடி வாக்கில் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஏரியான் 4-இன் ஒரு பழைய தேவை. கடைசி நொடிகளில் கவுண்ட்டவுன் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏரியான் 5-க்கு அந்தத் தேவையே கிடையாது. ஆக, வேண்டாத தேவை ஒன்று மென்பொருளுக்குள் தங்கிவிட்டது, வேண்டிய தேவை ஒன்று ஆவணத்துக்குள் வரவில்லை. ஏரியான் 5-இன் பறக்கும் பாதைத் தரவைக் கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்தே முடிவு செய்திருந்தார்கள் என்கிறது அறிக்கை.

டெஸ்டிங் செய்யவில்லையா? செய்தார்கள். கருவியைத் தனியாகச் சோதித்தார்கள், ஆவணத்தில் உள்ளபடி அது சரியாக இருந்தது. முழு ராக்கெட்டின் மின்னணு அமைப்பைச் சேர்த்துச் சோதித்தபோது உண்மையான கருவியை வைக்காமல், அதுபோல் நடிக்கும் மென்பொருளை வைத்தார்கள். கருவிதான் ஏற்கெனவே தேறிவிட்டதே என்ற நம்பிக்கை. விபத்துக்குப் பிறகு, அந்த ராக்கெட் பறந்த பாதையின் தரவைக் கொடுத்து அதே மென்பொருளை ஓட்டிப் பார்த்தார்கள். நடந்ததெல்லாம் அப்படியே மறுபடி நடந்தது. முன்னாலேயே ஓட்டியிருக்கலாம்.

டெஸ்டிங் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். புரோகிராமர் தன் கோடின் ஒவ்வொரு துண்டையும் சரிபார்ப்பது யூனிட் டெஸ்ட். கோடைப் பார்க்காமல், ரெக்வயர்மென்ட் எனப்படும் தேவை ஆவணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுவது இன்னொரு வகை. இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் இரண்டும் ஆவணத்தை அப்படியே நம்புகின்றன. ஆவணத்தில் ஓட்டை இருந்தால் அதே ஓட்டை, சோதிக்க எழுதி வைக்கும் டெஸ்ட் கேஸிலும் இருக்கும். டெஸ்டர் எத்தனை இரவு கண்விழித்தாலும் அது பிடிபடாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கான ஓய்வூதிய மென்பொருள் குழுவில் இருந்தேன். தொகைக் கணக்கைப் பைசா பிசகாமல் சோதித்திருந்தோம். யூ.ஏ.டி. எனப்படும் பயனர் ஏற்புச் சோதனை கடைசி வாரத்தில் நடந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பிரிவில் வேலை பார்த்த அம்மா ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். குடும்ப ஓய்வூதியத் திரையைப் பார்த்தார். மனைவி பெயருக்கு ஒரே ஒரு கட்டம்.

"தம்பி, ரெண்டு சம்சாரம் இருந்தா எங்க போடறது?"

எங்கள் ஆவணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. விதியில் இருந்தது, தகுதியுள்ள மனைவியர் ஒருவருக்கு மேல் இருந்தால் சமமாகப் பிரிக்க வேண்டும். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னை யாரும் கேக்கலையே தம்பி. பெரியவங்களோட மீட்டிங் போட்டீங்க, போயிட்டீங்க."

டேட்டாபேஸ் வரை பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு முடிவு: அந்த அம்மாவை உட்கார வைக்க வேண்டிய நாள் கடைசி வாரம் அல்ல, முதல் வாரம். டெஸ்ட் கேஸ்களைக் கோடுக்கு முன்னால், வேலை தெரிந்தவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். தேவையைச் சேகரிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மனிதர்கள் பொதுவாகத்தான் பதில் சொல்வார்கள். "இந்த ஆளுக்கு, இந்தத் தேதியில், எவ்வளவு வரும்?" என்று கேட்டால்தான் விதியும் விதிவிலக்கும் வெளியே வரும்.

இதை மற்றவர்களும் எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். விக்கியைக் கண்டுபிடித்த வார்டு கன்னிங்ஹாம் 2002-இல் 'ஃபிட்' என்ற கருவியை உருவாக்கினார். வாடிக்கையாளரே உதாரணங்களை அட்டவணையாக எழுதுவார், அந்த அட்டவணையே சோதனையாக ஓடும். மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் பரப்பிய 'முதலில் டெஸ்ட், பிறகு கோட்' என்ற பழக்கம் புரோகிராமரின் மேசையோடு நின்றுவிடுகிறது என்று கண்ட இன்னொரு மென்பொருள் வல்லுநர் டான் நார்த், அதை வாடிக்கையாளரின் மொழிக்குக் கொண்டுபோனார். 'இப்படி இருக்கையில், இது நடந்தால், இது விளைய வேண்டும்' என்ற மூன்றடி வடிவத்தை அவரும் அதே துறையைச் சேர்ந்த கிறிஸ் மாட்ஸும் வகுத்தார்கள். நார்வேக்காரரான அஸ்லாக் ஹெல்லெசோய் 2008-இல் தொடங்கிய 'குக்கும்பர்' கருவி அந்த வடிவத்தை அப்படியே இயக்குகிறது.

குக்கும்பரில் தமிழ் உண்டு. எங்கள் ஓய்வூதியச் சிக்கலை அதில் இப்படி எழுதலாம்:

காட்சி: இரண்டு மனைவியர் உள்ள ஓய்வூதியர் இறப்பு
கொடுக்கப்பட்ட ஓய்வூதியருக்குத் தகுதியுள்ள மனைவியர் இருவர்
எப்போது ஓய்வூதியர் இறக்கிறார்
அப்பொழுது குடும்ப ஓய்வூதியம் இருவருக்கும் சரிபாதி

முதற்சொற்கள் அந்தக் கருவி தருபவை. எனக்கு அவை பிடிக்கவில்லை. தமிழில் 'எப்போது' என்றால் கேள்வி. 'இறந்தால்' என்று வினையிலேயே நிபந்தனையை முடிக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொற்களுக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறி போட்டும் வரியைத் தொடங்க அந்தக் கருவி இடம் தருகிறது. அப்படி எழுதினால் நல்ல தமிழிலேயே எழுதலாம். எப்படி எழுதினாலும், இந்த நான்கு வரியை அந்த அம்மா முன் வைத்திருந்தால் உடனே கேட்டிருப்பார்: "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துட்டா, அந்தப் பாதி யாருக்கு? அவங்க பிள்ளைக்கா, இன்னொருத்தருக்கா?" ஓர் உதாரணம் அடுத்த உதாரணத்தைக் கூட்டிக்கொண்டு வரும். தேவை சேகரிப்பு என்பது இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது தோன்றினால்தான் ஓர் உதாரணம் பிறக்கும். யாருக்கும் தோன்றாததைத் தேடிப்பிடிக்க, எழுதி வைத்த டெஸ்ட் கேஸ் எதுவும் இல்லாமல் மென்பொருளை அக்கறையோடு நோண்டிப் பார்க்கும் டெஸ்டர் வேண்டும். மென்பொருள் சோதனை வல்லுநர் செம் கேனர் 1980-களில் இதற்குத் தேடல் சோதனை என்று பெயர் வைத்தார். நம் நிறுவனங்கள் பலவற்றில் கால அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வேலைதான். அது தவறு.

உங்களில் பலர் மென்பொருள் எழுதுபவர்கள் அல்ல. வங்கியில், பள்ளியில், அரசு அலுவலகத்தில் இருப்பீர்கள். ஒருநாள் உங்கள் பிரிவுக்குப் புது மென்பொருள் செய்ய யாராவது வருவார்கள். அவர்களிடம் விதிப் புத்தகத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அலமாரியைத் திறந்து பத்துப் பழைய கோப்புகளை எடுத்துக் கொடுங்கள். அவற்றில் நாலு கோப்பாவது தகராறு வந்தவையாக இருக்கட்டும்.

(தொடரும்)