இடிப்பதற்கு முன் எடுக்க வேண்டிய ஆவணங்கள்: கடலோரப் பழைய வீடும் புதுப்பிக்கும் உரிமையும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தின் பொம்மையார்பாளையத்திலும் அதற்கு வடக்கே மரக்காணம் வரை நீளும் கடற்கரை ஊர்களிலும் பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர்: ஒப்புதல் கைக்கு வருமுன்பே கூரையைப் பிரித்து, சுவரை இடித்து, அடித்தளத்தையும் தோண்டிவிடுகின்றனர். உள்நாட்டு ஊரில் அபராதத்தோடு சரிசெய்யக்கூடிய இந்த அவசரம், கடலோரத்தில் மீண்டும் கட்டும் உரிமையையே பறித்துவிடக் கூடும். ஏனெனில் கரையை ஒட்டிய பகுதியில் சட்டம் காப்பது மனையை அன்று, அதன்மீது ஏற்கெனவே நிற்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தையே.

அந்தச் சட்டம், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று முதலில் வெளியாகி, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகும். உயர் அலைக் கோடு, அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கின்போது கடல்நீர் நிலத்தில் ஏறும் உச்ச எல்லை, அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இம்மண்டலம் பரவுகிறது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சிப் பணிகளுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே ஏற்கெனவே உள்ள அங்கீகரிக்கப்பட்ட வீட்டை, அதன் அடித்தளப் பரப்பும் மொத்தத் தளப்பரப்பு விகிதமும் கூடாமல், பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ மட்டுமே இடமுண்டு. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டிய ஊர்களில் இந்த 200 மீட்டரை 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது உண்மையே. ஆயினும் அதற்கேற்பத் திருத்திய கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பின்னரே அச்சலுகை நடைமுறைக்கு வரும் என்பதை வீட்டுத் தரகர்கள் சொல்வதில்லை.

தூரத்தை அலை நனைக்கும் இடத்திலிருந்து நாடா பிடித்து அளப்பது பயனற்றது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள், கடலோர நீரோட்டத்தோடு வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டதால், வடபுற மீனவ ஊர்களின் கரை அரிக்கப்பட்டு வருகிறது. ஆகவே கடலிலிருந்து நெடுந்தொலைவு என்று பழைய பத்திரம் சொல்வதை இன்றைய நிலையாக எடுத்துக்கொள்ளலாகாது. செல்லத்தக்கது, புல எண்கள் குறிக்கப்பட்டு 1:4000 அளவில் வரையப்பட்ட, ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்ட வரைபடமே. தம் புல எண் எந்த வகைப்பாட்டில் வருகிறது, எந்த ஆண்டின் வரைபடம் நடப்பில் உள்ளது ஆகிய இரண்டையும் கேட்டு, சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயங்கும் சுற்றுச்சூழல் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவைப் பதிவஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் தர அவர் கடமைப்பட்டவர். அப்பதிலே பின்னர் உரிமையாளருக்குக் கேடயமாகும்.

அடுத்தது, வீடு நின்றதற்கும் முறையாக நின்றதற்கும் சான்று. மூலப்பத்திரம், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நத்தம் பட்டா, புலப்பட நகல், பழைய கட்டட ஒப்புதல் இருப்பின் அது, இயன்றவரை 1991-க்கு முந்தைய வீட்டு வரி, மின் கட்டண ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். வரி ரசீது வீடு இருந்ததைக் காட்டுமேயன்றி அனுமதியோடு கட்டியதைக் காட்டாது. இந்த வேறுபாடு புரியாமல் ஏமாறுவோர் பலர். நிலம் அரசு புறம்போக்காக இருந்தால் எந்த ரசீதும் உதவாது என்பதால், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டின் பதிவைக் கேட்டுப் பெறுவது கட்டாயம். பின்னர், பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு வீட்டின் நீளம், அகலம், உயரம், அடித்தளப் பரப்பு, மனையெல்லையிலிருந்து ஒவ்வொரு சுவரின் தூரம் ஆகியவற்றை அளந்து, கையொப்பமும் தேதியும் இட்ட இருப்பு நிலை வரைபடம் தயாரித்து, நான்கு புறமும் அடித்தள விளிம்பு தெரியும்படி புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். இடித்தபின் இவற்றில் எதையும் உருவாக்க முடியாது. கூரை பிரிந்த பிறகு பழைய பரப்பு இவ்வளவுதான் என்று வாதிடுவோரை எந்த அலுவலரும் நம்பக் கடமைப்பட்டவரல்லர்.

ஓடு மாற்றல், பூச்சு, வெள்ளையடித்தல் போன்ற சிறு பழுதுகளைத் தாண்டிய எந்த வேலைக்கும் கட்டட அனுமதி வேண்டும். 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம் என்று 2019 அறிவிக்கை கூறினாலும், அறிவிக்கையின் விதிகளுக்கு உட்பட்டதா என ஆராய்ந்தே தர வேண்டும் என்றும் அதே பத்தி கூறுகிறது. பழைய வீடுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற அலுவலக வாய்ச்சொல்லை நம்பி வேலையைத் தொடங்கலாகாது. அவ்வாறு சொல்பவர் இடமாறிச் சென்றபின் நோட்டீசுக்குப் பதில் சொல்வது உரிமையாளரே. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டி அலைக்கழித்தால், அக்கைகாட்டலையும் எழுத்தில் கேட்டு, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குக் கிடைக்கும் சுயசான்று அனுமதியும் கடற்கரைச் சட்டத்திலிருந்து விலக்களிப்பதன்று. அதில் உண்மையை மறைத்தால் பொறுப்பு விண்ணப்பதாரர் தலையில்தான் விழும்.

உள்ளாட்சியின் முத்திரை மட்டும் போதாது என்பதற்குக் கொச்சியின் மரடு சான்று. 2006-இல் மரடு ஊராட்சி அளித்த அனுமதியைக் காட்டிக் கட்டிய அடுக்குமாடிகளை, கடற்கரை மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறவில்லை என்பதால் அகற்றுமாறு 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கிக் குடியிருந்தவர்கள் எந்த அனுமதியையும் மறைத்தவர்கள் அல்லர். ஆயினும் வீடு போயிற்று.

காகித வேலை நடக்கும் காலத்தில் சுவரைச் சோதிப்பது நல்லது. சுண்ணாம்புக் காரையில் எழுந்த பழைய செங்கல் சுவர் ஈரத்தை வெளிவிடும் தன்மையது. அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். கம்பிக் கான்கிரீட்டுக்கு, கடலோரச் சூழலைக் கடுமையானதாக வகுக்கும் இந்தியத் தர விதி 456, குறைந்தது எம்-30 தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகலாகாது. உவர்க் கிணற்று நீரைச் சோதிக்காமல் பயன்படுத்துவதும் கடற்கரை மணலை அள்ளிக் கலப்பதும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் வழிகள். மணல் அள்ளுவது சட்டத்துக்கும் புறம்பு.

நோட்டீசு வந்துவிட்டால் வேலையை உடனே நிறுத்தி, குறித்த கெடுவுக்குள் ஆவண நகல்களோடு எழுத்தில் பதிலளிக்க வேண்டும். வாய்மொழி விளக்கம் கோப்பில் ஏறாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டத் தொகை விதிக்கலாம். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இலவச உதவி பெறும் உரிமை உண்டு.